கோடுகள் இருந்த இடம்: கேமரா, லென்ஸ் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கேமரா, லென்ஸ் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு, வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை வைத்துக்கொண்டு, திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படமெடுத்துப் பிழைப்பவன் நான். வேலை இல்லாத நாட்களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எனக்காகப் படமெடுப்பேன். இம்மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடன் வாங்கியாவது உங்கள் கேமராக்களை வாங்குகிற எங்கள் பகுதி ஒளிப்படக்காரர்கள் இதை முதலில் படித்து, நான் கேட்பது நியாயமா என்று சொல்லட்டும். மொழிபெயர்த்துக்கொள்ளும் வசதி உங்களிடம் இருக்கிறது.

தொழிலில் நாங்கள் 'டெப்த்' என்று சுருக்கிச் சொல்வதும் பாடநூல்கள் புல ஆழம் என்று குறிப்பதும் ஒன்றே. ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் எத்தனை அடி, பின்னால் எத்தனை அடி வரை படம் தெளிவாக விழும் என்கிற அளவு அது. அந்த அளவைப் பட்டனை அழுத்துவதற்கு முன்பே கேமரா எங்களுக்கு எண்ணாகக் காட்ட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. லென்ஸின் குவியத் தூரம் (35 மி.மீ., 50 மி.மீ. என்று லென்ஸைக் குறிக்கும் எண்), அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), ஃபோகஸ் நிற்கும் தூரம், படம் பதிகிற சென்சாரின் அளவு ஆகிய நான்கும் தெரிந்தால் வழக்கமான கணக்கு முடிந்துவிடும்; இன்றைய கேமராவுக்கு இந்த நான்குமே தெரியும், அல்லது தெரிந்துகொள்ள வழி உண்டு. பெரும்பாலான கேமராக்கள் இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு வாய் திறப்பதில்லை.

எங்கள் ஸ்டுடியோவில் பழைய நிக்கார் 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் ஃபோகஸ் வளையத்தில் தூரம் அடியிலும் மீட்டரிலும் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே, நடுக்கோட்டின் இரு பக்கமும் சோடி சோடியாக வண்ணக் கோடுகள் இருக்கும். அப்பர்ச்சர் எண் எந்த நிறமோ அதே நிறத்தில் அதற்குரிய கோடுகள். எண்ணைப் பார்த்து, அதன் நிறக் கோடுகள் இரண்டும் எந்தத் தூரங்களைத் தொடுகின்றன என்று பார்த்தால், படம் எங்கிருந்து எங்கு வரை தெளிவாக இருக்கும் என்பது தெரிந்துவிடும். பேட்டரி வேண்டாம், மெனு வேண்டாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட உதவியாளர் ஒருவர் அதை ஒரே பிற்பகலில் கற்றுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். 1957இல் வந்த ஹாசல்பிளாட் 500சி கேமராவுக்கான ஸைஸ் லென்ஸ்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தன. அப்பர்ச்சரைத் திருப்பினால் இரண்டு சிவப்பு முட்கள் தாமே விரிந்தும் சுருங்கியும் எல்லைகளைக் காட்டும்.

அந்தக் கோடுகள் ஏன் போயின என்பதும் எனக்குத் தெரியும். குறை சொல்வதற்கு முன் அதைச் சொல்லிவிடுவதே முறை. ஜூம் லென்ஸில் குவியத் தூரம் மாறிக்கொண்டே இருப்பதால் நிலையான கோடு பொய் சொல்லும். இழுத்துத் தள்ளும் பழைய ஜூம்களில் மட்டும் அந்தக் கோடுகளை வளைத்து வளைத்து வரைந்து சமாளித்தார்கள். ஆட்டோஃபோகஸ் வந்ததும் மோட்டார் விரைவாக ஓட வேண்டும் என்பதற்காக வளையத்தின் சுழற்சியைக் குறைத்தீர்கள். 3 மீட்டருக்கும் முடிவிலிக்கும் இடையே விரல் நகம் அளவே இடம் மிஞ்சியபோது அதற்குள் கோடுகளை எங்கே பொறிப்பது? பிறகு வளையத்துக்கும் லென்ஸின் உள்ளிருக்கும் கண்ணாடிக்கும் இடையிலிருந்த நேரடித் தொடர்பே அறுந்து, வளையம் வெறும் மின்சமிக்ஞை அனுப்பும் சாதனமாக ஆனது. தூர அளவும் போயிற்று. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களின் லென்ஸ்கள் பலவற்றில் உடல் முழுவதும் வழவழவென்று கறுப்பாக இருக்கிறது. இவை எல்லாமே நியாயமான காரணங்கள்தாம். ஆனால் பொறித்த கோட்டால் முடியாததைத் திரையால் செய்ய முடியும் என்ற காலம் வந்த பிறகும் அந்த இடம் காலியாகவே கிடப்பதற்கு என்ன காரணம் என்பதுதான் என் கேள்வி.

இதில் எனக்குச் சொந்த வருத்தம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் குடும்பப் படம் எடுத்தேன். முன்னால் தரையில் குழந்தைகள், சுமார் 3.2 மீட்டரில், மணமக்கள் 4 மீட்டரில், பின்னால் நாற்காலிமேல் ஏறி நின்றவர்கள் 5.2 மீட்டரில். 35 மி.மீ. லென்ஸ், எஃப்/4, மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ். வழக்கமான கணக்குப்படி 2.9 மீட்டர் முதல் 6.6 மீட்டர் வரை தெளிவு. மூன்று வரிசையும் அதற்குள் சௌகரியமாக அடங்குகின்றன. கேமராவின் திரையிலும் எல்லாம் சரியாகவே தெரிந்தது. அந்தப் படத்தைக் கரிஷ்மா ஆல்பத்தின் நடுப்பக்கத்தில், 12க்கு 36 அங்குலத்தில், இரு பக்கமும் விரித்துப் போட்டுக் கொடுத்தோம். பின்வரிசையில் நின்ற மணமகனின் பாட்டி மங்கலாக இருந்தார். ஆல்பம் கைக்கு வருவதற்கு முன்பே அந்த அம்மா காலமாகிவிட்டிருந்தார். வீட்டார் என்னைத் திட்டக்கூட இல்லை. "இது ஒண்ணுதான் அண்ணே எல்லாரோடயும் சேர்ந்து நின்ன படம்" என்று மட்டும் சொன்னார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் படம் ஏன் தவறியது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் அனைவரும் அறிந்த விஷயமே அது. ஆனாலும் எங்கள் ஆட்களுக்காக விரித்து எழுதுகிறேன். ஃபோகஸ் இல்லாத ஒரு புள்ளி சென்சாரில் சிறிய வட்டமாக விழுகிறது. அந்த மங்கல் வட்டம் எவ்வளவு சிறிதாக இருந்தால் கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு 35 மி.மீ. ஃபிலிம் காலத்திலிருந்து 0.03 மி.மீ. என்ற எண்ணை வைத்திருக்கிறோம். 8க்கு 10 அங்குலப் படத்தைக் கையில் பிடித்து, ஏறத்தாழ 25 செ.மீ. தொலைவில் பார்க்கும் கணக்கு அது. 36 மி.மீ. அகல சென்சாரை 10 அங்குலத்துக்குப் பெருக்கினால் ஏழு மடங்கு, 0.03 என்பது தாளில் 0.2 மி.மீ. ஆகும், கண் பொறுத்துக்கொள்ளும். என் ஆல்பமோ 36 அங்குலம், அதாவது 25 மடங்குக்கும் மேல். பாட்டியின் முகத்தில் சென்சாரிலிருந்த மங்கல் 0.018 மி.மீ.தான், அனுமதிக்கப்பட்டதில் பாதிக்குச் சற்று மேல்; ஆனால் ஆல்பத்தில் அது அரை மில்லிமீட்டரை நெருங்கிவிட்டது. ஆல்பத்தை மடியில் வைத்து அதே நெருக்கத்தில் பார்க்கிறவர்களுக்காகக் கணக்கிட்டால் மங்கல் வட்டம் 0.008 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அந்த எண்ணை வைத்து மறுபடியும் கணக்கிட்டபோது, 2.9 முதல் 6.6 வரை விரிந்திருந்த தெளிவு 3.6 முதல் 4.5 வரை என்று சுருங்கிற்று. குழந்தைகளும் வெளியே, பாட்டியும் வெளியே.

ஆகவே 'டெப்த் எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. படம் எங்கே போகப் போகிறது என்பதைப் பொறுத்தது அது. அதே படம் வாட்ஸ்அப்பில் மட்டும் போயிருந்தால் யாருக்கும் குறை தெரிந்திருக்காது. மண்டப வாசலில் வைக்கிற ஃபிளெக்ஸ் பேனர் பத்து அடி உயரம் இருக்கும் என்றாலும், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிறவருக்கு 0.03 தாராளமாகப் போதும். எங்களை மிகவும் கடுமையாகச் சோதிப்பது மடியில் விரிகிற ஆல்பம்தான். ஃபோகஸ் முறையை நாங்கள் தேர்ந்தெடுக்கிற அதே மெனுவில், 'படத்தின் இறுதி அளவு, பார்க்கும் தூரம்' என்று இரண்டே கேள்விகளைக் கேட்டுவிட்டு, அதற்கேற்ற எல்லையைக் கேமரா காட்டினால் போதும். ஃபூஜிஃபிலிம் நிறுவனத்தார் இந்தத் திசையில் ஓரடி வைத்திருப்பதைப் பாராட்டுகிறேன். அவர்களுடைய எக்ஸ் வரிசைக் கேமராக்களில் தூர அளவுகோலின்மேல் புல ஆழம் ஒரு பட்டையாகத் தெரிகிறது. அதை ஃபிலிம் அடிப்படையில் (பழைய அச்சுக் கணக்கில்) காட்டவா, பிக்சல் அடிப்படையில் (சென்சாரின் ஒவ்வொரு புள்ளி அளவுக்கும் தெளிவு பார்த்து) காட்டவா என்றும் தேர்ந்தெடுக்கலாம். முதலாவது என் ஆல்பத்துக்குத் தளர்வு. இரண்டாவது எந்தக் குடும்பப் படத்துக்கும் மிகக் கறார். இடையில் நிற்கும் எங்களுக்கு ஒரு வழி வேண்டும்.

இருக்கிற கருவிகள் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்பர்ச்சரை உண்மையாகவே மூடிக் காட்டும் டெப்த் பிரிவியூ பொத்தானை அழுத்தினால் பழைய கேமராக்களில் காட்சி இருண்டுவிடும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் ஒன்றும் தெரியாது. புதிய கேமராக்களில் இருட்டு இல்லை, ஆனால் திரை இரண்டரை அங்குல அகலம், ஆல்பம் அதைப் போலப் பதினான்கு மடங்கு. பாட்டியின் மங்கல் அந்தத் திரையில் தலைமுடி அளவுகூட இருந்திருக்காது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்தான். மூன்று வரிசையையும் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்வரிசைக்காரர்கள் பந்திக்குப் போய்விடுவார்கள். ஃபோகஸ் பீக்கிங் என்று விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் வசதி இருக்கிறது. அது தெளிவை அளப்பதில்லை, வெளிச்ச வேறுபாட்டை அளக்கிறது. பட்டுப்புடவையின் ஜரிகை சற்று ஃபோகஸ் விலகி இருந்தாலும் பளபளவென்று சிவந்து எரியும். அதற்கு மேலே இருக்கிற முகம் தெளிவாக இருந்தாலும் ஒரு கோடும் விழாது. தென்னிந்தியத் திருமணத்தில் அதை நம்புவது ஆபத்து.

லென்ஸின்மேலேயே சிறிய ஓலெட் திரை வைத்த முயற்சிகளையும் அறிவேன். 2015இல் வந்த ஸைஸ் பாட்டிஸ் லென்ஸ்கள் ஃபோகஸ் தூரத்தையும் தெளிவின் எல்லைகளையும் எண்ணாகவே காட்டின. நிக்கானின் விலை உயர்ந்த இசட் லென்ஸ்கள் சிலவற்றிலும் அத்தகைய திரை இருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருப்பவன் லென்ஸின் முதுகை எப்படிப் பார்ப்பான்? எண் தெரிய வேண்டிய இடம் வியூஃபைண்டரின் உள்ளே, ஷட்டர் வேகத்துக்கும் அப்பர்ச்சருக்கும் பக்கத்தில். அதற்குத் தனித் திரையோ கூடுதல் கண்ணாடியோ வேண்டாம். இரண்டு எண்களுக்கு இடம் போதும். அந்த எண்களை அடியிலும் காட்ட வழி வையுங்கள். எங்கள் மண்டபங்களில் எல்லோரும் தூரத்தை அடிக்கணக்கில்தான் கண்ணால் அளக்கிறார்கள். (காசிமேட்டு மீனவர்கள் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள்; அதையும் கேட்கமாட்டேன்.)

காசிமேட்டைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு தேவையையும் சொல்கிறேன். விடியற்காலை ஏலத்தில் கேமராவைக் கண்ணருகே தூக்கினாலே முகங்கள் மாறிவிடும். வஞ்சிரம் கூடையைச் சுற்றி நிற்கும் பெண்கள், தலையில் ஐஸ் பெட்டியோடு குறுக்கே ஓடுகிறவர்கள், கயிற்றில் ஆடும் பல்புகள் இவற்றுக்கு நடுவே ஆட்டோஃபோகஸ் எதைப் பிடிக்கும் என்று அதற்கே தெரியாது. பெரும்பாலும் மினுங்குகிற ஐஸைப் பிடிக்கும். அங்கே நான் ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்திவிட்டு, இடுப்பு உயரத்திலிருந்தே எடுக்கிறேன். 35 மி.மீ. லென்ஸில், வெயில் ஏறி எஃப்/8 வைக்க முடிகிற நேரத்தில், பழைய கணக்கில் 1.7 முதல் 4.9 மீட்டர் வரை கைக்குள் இருக்கும். ஆனால் நான்கு மணி இருட்டில் எஃப்/2 வைத்தால் 2.2 முதல் 2.8 வரைதான், ஒரு மனிதரின் தோள் அகலத்துக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்போது எல்லையும் மாறுகிறது. பழைய லென்ஸில் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். புதிய லென்ஸில் ஃபோகஸ் எந்தத் தூரத்தில் நிற்கிறது என்பதையே கேமராவை அணைத்துப் போட்டால் மறந்துவிடும் மாடல்கள் இருக்கின்றன. ஃபூஜிஃபிலிமின் பழைய எக்ஸ்எஃப் லென்ஸ்கள் சிலவற்றில் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் பொறித்த தூர அளவும் கோடுகளும் வெளிப்படும். அந்த ஏற்பாட்டை மற்றவர்களும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

எண்ணூரில் தேவை வேறு. கழிமுகத்தில் வலை வீசுகிறவர் முன்னால், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தொலைவில். அடிவானம் வரை தெளிவு வேண்டும் என்று மிகையெட்டுத் தூரத்தில் (ஹைப்பர்ஃபோக்கல்; முடிவிலியும் தெளிவின் எல்லைக்குள் வரும் மிகக் கிட்டிய ஃபோகஸ் தூரம்) ஃபோகஸ் வைத்தால், கணக்கு என்ன சொல்கிறதோ அதன்படியே புகைபோக்கிகள் 0.03 மி.மீ. மங்கலோடு விழும். 45 மெகாபிக்சல் சென்சாரில் அது ஏழு பிக்சல். அந்தப் படத்துக்குப் புகைபோக்கிதான் உயிர் என்றால் அங்கே மங்கல் கூடாது. கேமரா 'தெளிவு' என்று ஒரே பட்டையைப் போடாமல், எல்லையை நெருங்க நெருங்கப் பட்டையை மங்கச் செய்தால் இந்த ஏமாற்றம் இராது. உங்கள் லென்ஸ்கள் தெரிவிக்கும் தூரமும் துல்லியமானதன்று, படிப்படியாகத் தாவுகிறது என்பதை நாங்கள் கவனித்திருக்கிறோம். அந்தப் பிழையையும் அதே மங்கலில் சேர்த்துக் காட்டிவிடுங்கள். இரண்டு தசமம் வரை பொய்யான துல்லியம் காட்டுவதைவிட 'சுமார் இவ்வளவு' என்று காட்டும் கருவியை நாங்கள் நம்புவோம்.

அப்பர்ச்சரை மூடிக்கொண்டே போனால் பட்டை நீண்டுகொண்டே போகும். புதிதாக வருகிற பையன்கள் அதை நம்பி எஃப்/22 வைப்பார்கள். ஒளி சிறு துளையில் விரிவதால் உண்டாகும் வட்டத்தின் விட்டம் எஃப்/16இல் 0.021 மி.மீ., எஃப்/22இல் ஏறத்தாழ 0.03 மி.மீ. அதன் ஒளி நடுவில் செறிந்திருப்பதால் ஃபோகஸ் விலகலைப் போல அப்பட்டமாகத் தெரியாது என்றாலும், பெரிய ஆல்பத்தில் மூன்று வரிசையும் ஒரே சீராக மொழுக்கென்று ஆகிவிடும். பட்டையின் நிறம் அங்கே மாற வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் வேண்டியது. கேனன் 1987இல் வெளியிட்ட ஈஓஎஸ் 650 ஃபிலிம் கேமராவில் 'டெப்த்' என்றே ஒரு முறை இருந்தது. முன்னால் இருப்பவரைக் காட்டி ஒருமுறை அழுத்த வேண்டும், பின்னால் இருப்பவரைக் காட்டி ஒருமுறை. இருவரும் தெளிவாக விழும் அப்பர்ச்சரையும் ஃபோகஸ் இடத்தையும் கேமராவே கண்டுபிடிக்கும். பின்னாளில் அது தானியங்கி முறையாக மாறி, பிறகு காணாமலே போயிற்று. தொட்டால் ஃபோகஸ் ஆகும் திரை அன்று கிடையாது, இன்று இருக்கிறது. முன்வரிசைக் குழந்தையை ஒரு தொடல், பின்வரிசைப் பாட்டியை ஒரு தொடல். என் மண்டபத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: 3.2 மீட்டருக்கும் 5.2 மீட்டருக்கும் பொதுவான ஃபோகஸ் இடம் 3.96 மீட்டர். மணப்பெண்ணின் கண்ணில் நான் வைத்தது ஏறக்குறையச் சரிதான். ஆல்பத்துக்கான 0.008 அளவில் அதற்கு வேண்டிய அப்பர்ச்சர் எஃப்/9. நான் வைத்தது எஃப்/4. இரண்டு ஸ்டாப்புக்கு மேல் குறை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). அதைக் கேமரா அப்போது சொல்லியிருந்தால் ஃபிளாஷின் ஆற்றலைக் கூட்டியிருப்பேன், அல்லது ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) உயர்த்தியிருப்பேன், அதுவும் முடியாதென்றால் பின்வரிசையை ஒரு படி முன்னால் வரச் சொல்லியிருப்பேன். எது முடியும் என்று முடிவு செய்வது என் வேலை. எவ்வளவு குறை என்று சொல்வது கேமராவால் ஆகிற வேலை.

சென்சாரின்மேலேயே ஃபோகஸ் விலகலை அளக்கும் புள்ளிகள் இப்போது பரவியிருக்கின்றன. எந்த இடம் எவ்வளவு விலகியிருக்கிறது, முன்னாலா பின்னாலா என்று அவை ஏற்கெனவே அளக்கின்றன. சோனி 2021இல் ஏ7 வரிசையின் நான்காம் கேமராவில் வீடியோ எடுப்பவர்களுக்காக அதை ஒரு வண்ண வரைபடமாகவே காட்டியது: ஃபோகஸுக்கு முன்னால் இருப்பவை சூடான நிறங்களில், பின்னால் இருப்பவை குளிர்ந்த நிறங்களில், தெளிவாக இருப்பவை நிறம் பூசாமல். குடும்பப் படம் எடுக்கிறவனுக்கு இதைவிடப் பயனுள்ள கருவி எதுவும் இல்லை. பாட்டியின் முகம் நீலமாகத் தெரிந்திருந்தால் போதுமே. இதை அசையாப் படத்துக்கும் திறந்துவிடுங்கள். நான் மேலே கேட்ட ஆல்பம் அளவோடு இணையுங்கள். விலை குறைந்த மாடல்களுக்கும் கொடுங்கள். வேண்டாதவர்கள் அணைத்துவைத்துக்கொள்ளட்டும்.

இவற்றில் பெரும்பகுதி ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) மாற்றத்தாலேயே முடியக்கூடியது என்பது என் கணிப்பு. எந்தெந்த மாடல்களுக்கு முடியும், எவற்றுக்கு முடியாது என்பதைப் பொதுவில் அறிவிக்குமாறு உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் முகூர்த்தம் இல்லை. கேமராக்களைச் சர்வீஸுக்குக் கொடுப்பதும், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கலாமா என்று கணக்குப் போடுவதும் அந்த இரண்டு மாதங்களில்தான். வரும் மார்கழிக்கு முன் உங்கள் பதில் வந்தால், எதை வாங்குவது என்று தீர்மானிக்க எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை ஒளிப்படக்காரர் ஒருவர்